வெள்ளைக் கட்டையில் இருந்த அழுகை

என் காதை விட்டு இன்னும் போகாத மச்சான் முத்தையாவுக்கு,

நீ இல்லாத முதல் காமன் கூத்து மாசியில் முடிந்தது. ஊன்றிய கம்பம் நன்றாக நின்றது. மழை வரவில்லை. கமிட்டிக்காரர்கள் வழக்கம்போல் சண்டை போட்டார்கள், வழக்கம்போல் சேர்ந்து சாப்பிட்டார்கள். நல்ல செய்தி இவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அன்றைக்குக் காமன் பொட்டலில் நின்றவர்களும் இதைப் படிக்கட்டும்.

ரதி வேஷம் என்றால் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் நீதான். விடிகிற நேரத்தில் மதன் எரிந்து முடிந்ததும் கூந்தலை விரித்துப் போட்டு, மண்ணில் உட்கார்ந்து புலம்பத் தொடங்குவாய். நான் பக்கத்தில் ஆர்மோனியம் வாசிப்பேன். இந்த வருஷம் அந்த வேஷத்தை உன் மகன் சிவா கட்டினான். கொழும்பிலேயே விரதம் இருந்து, வேலை செய்கிற கடையில் லீவு கேட்டு, கடைசி நாளுக்கு வந்து சேர்ந்தான். நான் கூப்பிட்டுத்தான் வந்தான். அதுதான் இன்னும் சுடுகிறது.

நான் ஆர்மோனியத்தைத் தொடவில்லை. காரணம் உனக்கு மட்டும் தெரியும்: விரல் நடுங்குகிறது. ஒரு கட்டையை அமுக்கப் போனால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்துகிறது. திருவிழா பஜனைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலவாக்கலையிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். யாரிடமும் படிக்காமல் நானே பழகி வாசித்தவன் நான், எனக்கே அப்படி. அந்தக் கோபத்தில்தான் ஹட்டனுக்குப் போய்ப் பழைய லேப்டாப் ஒன்றையும், அதில் சொருகி வாசிக்கிற சின்னக் கீபோர்டு ஒன்றையும் வாங்கினேன். வீடியோக்களைப் பார்த்து அதையும் நானே பழகினேன்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது, மச்சான். சுருதி எது, ஸ்கேல் எது என்று பட்டியலில் முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அதன் பிறகு அந்த ஸ்கேலில் இல்லாத கட்டையை நீ அமுக்கினாலும் அது ஒலிக்காது. பக்கத்திலிருக்கிற ஸ்கேல் சுரம்தான் ஒலிக்கும். தோட்டத்துக்கு வேலி போட்ட மாதிரி. விரல் எங்கே தடுமாறினாலும் வெளியே தெரியாது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வயது குறைந்துவிட்டது.

உன் சுருதி ஐந்து கட்டை. பட்டியலில் அது 'ஜி'. ஸ்கேல்தான் சிக்கல். மேஜர், மைனர் என்று தொடங்கி எந்தெந்த நாட்டுப் பெயர்களோ நீளமாக இருந்தன. நம் பொட்டலின் பெயரில் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து உன் புலம்பலை வாசித்துப் பார்த்தேன். மைனரில் எல்லாம் பொருந்தியது, ஓர் இடத்தைத் தவிர. ரதி மதனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம். அது மட்டும் காதில் வேறு மாதிரி விழுந்தது. மெஷின் பிழை விடாது, இத்தனை வருஷமாக நீதான் அங்கே பிழையாகப் பாடியிருக்கிறாய் என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. நான் யாரைக் கேட்டிருக்கிறேன்?

கூத்தன்று லேப்டாப்பையும் கீபோர்டையும் பொட்டலுக்குக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் சொருகினேன். மதன் எரிந்தான். சிவா மண்ணில் உட்கார்ந்து தொடங்கினான். உன் குரல் அவனுக்கு இல்லை, ஆனால் நீ மூச்சு வாங்குகிற இடத்தில்தான் அவனும் வாங்கினான். பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் வந்ததும் அவன் ஒரு பக்கம் போனான், ஸ்பீக்கர் ஒரு பக்கம் போனது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாம் தரமும் அதே இடத்தில் அதே மோதல். நான் வாசிப்பதை நிறுத்தி மைக்கை எடுத்தேன்.

"டேய், சுருதியில நில்லுடா! கம்பியூட்டரு சரியாத்தான் போகுது. ஒங்கப்பனுக்கும் இந்த எடம் வராது, ஒனக்கும் வராது!"

நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துச் சொன்னேன். நீ கண்ணை மூடி வருஷம்கூடத் திரும்பவில்லை; உன்னையும் சேர்த்துச் சொன்னேன். உன் மனைவி, என் தங்கை செல்லம்மா, தலையைக் குனிந்துகொண்டாள். சிவா அந்த இடம் வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு மிச்சத்தைப் பாடி முடித்தான். மத்தியான பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டான்.

அப்போதும் நான் விட்டேனா? பிழை அவனுடையதுதான் என்று காட்ட, புலம்பலை வாசித்துப் பதிவு செய்து அவனுடைய போனுக்கு அனுப்ப உட்கார்ந்தேன். அதற்கு முதல் நாள் வேறொரு பாட்டுக்காக ஸ்கேலை எடுத்துவிட்டிருந்தது எனக்கு நினைவில்லை. வாசித்துக்கொண்டே போனேன். அந்த இடத்தில் விரல் தானாக ஒரு வெள்ளைக் கட்டைக்குப் போனது. உன் அழுகை அப்படியே வந்தது.

பாட்டு மற்ற இடங்களில் கறுப்புக் கட்டையைத் தொடுகிறது. பேர் சொல்லிக் கூப்பிடும்போது மட்டும் அதற்கடுத்த வெள்ளைக்கு ஏறுகிறது. நான் தேர்ந்தெடுத்த ஸ்கேலில் அந்த வெள்ளைக்கு இடமில்லை. பொட்டலிலும் என் விரல் அதைத்தான் அமுக்கியிருக்கும், மச்சான். வேலிதான் கறுப்புக்குத் தள்ளியிருக்கிறது. நடுங்குகிற விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ரொட்டி தட்டிய மாவுக் கையோடு செல்லம்மா வந்து நின்றாள்.

"இப்பதான் ஒழுங்கா வாசிக்கிற. அன்னைக்கு என்னாண்ணே ஆச்சு ஒனக்கு?"

"அன்னைக்கே சொல்றதுதானே?"

"சொல்லிட்டாலும்! அண்ணன்கிட்ட பாட்டப் பத்திப் பேச்செடுத்தா, வாதாடி முடியறதுக்குள்ள ரொட்டி ஆறிப்போயிரும்னு எங்க வீட்டுக்காரரே வாயத் தொறக்க மாட்டாரு."

"மெஷின்தான் மாத்திருச்சு, செல்லம்மா."

"மெஷினா மைக்கப் புடிச்சுப் பேசுச்சு?"

நீயும் அப்படித்தான் நினைத்தாயா? ஆர்மோனியத்தோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம், ரொட்டி ஆறக்கூடாது என்றுதான் சும்மா இருந்தாயா?

சிவாவுக்குப் போன் எடுத்தேன்.

"சொல்லுங்க மாமா."

"அங்க மழையாப்பா?"

"இல்லிங்க மாமா, நல்ல வெயிலு."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். மாமா, அடுத்த வருஷம் ரதிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. எனக்குந்தான் அந்த எடம் வராதே."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். கோபமே இல்லை. நம்பிவிட்டான், மச்சான். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். பிழை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. மைக்கில் மட்டும் எப்படி வந்தது?

இனிச் சொல்வதுதான் உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அடுத்த மாசியில் கம்பம் ஊன்றுகிற அன்று, அதே பொட்டலில், அதே மைக்கில், முத்தையாவும் சரியாகப் பாடினான், அவன் மகனும் சரியாகப் பாடினான், விரல் நடுங்குவதை மறைக்க நான் வேலி போட்டேன் என்று சொல்வேன். கமிட்டி சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் மாசிவரை உன் பிள்ளையைக் காக்க வைக்க மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் போகிறேன். "நானும் வர்றேன், நீ பேசாம திரும்பி வந்துருவ" என்கிறாள் செல்லம்மா. வேண்டாம் என்றுவிட்டேன்.

பேச்சு வராவிட்டால் அவன் முன்னால் உட்கார்ந்து அந்த இடத்தைப் பாடுவேன். எனக்குப் பாட வராது என்று உனக்குத் தெரியும், பிழையாகத்தான் பாடுவேன். அவன் என்னைத் திருத்தட்டும். திருத்தும்வரை எழுந்து வர மாட்டேன்.

உன் செல்லம்மாவின் அண்ணன்,
உன் சிவாவின் தாய்மாமன்,
அக்கரப்பத்தனை.