அண்ணன் வாங்கிக் கொடுத்த ஸ்டாண்டு

நவம்பர் 16, ஞாயிறு

இன்று அண்ணனோடு மதுரைக்குப் போய், என் ஏர் ரைபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கால் ஸ்டாண்டு ஒன்று வாங்கி வந்தேன். எட்டு மாதத்துக்கு முன் மலைப்பாதையில் அவன் ஓட்டிய ஜீப்பு கவிழ்ந்து என் இடது மணிக்கட்டு நொறுங்கியதிலிருந்து, ரைபிளைத் தூக்கிப் பிடித்தால் அரை நிமிடத்தில் கை நடுங்கிவிடுகிறது.

கடைக்காரர் மூன்று ஸ்டாண்டு காட்டினார். பிளாஸ்டிக்கில் இருந்தது ஆடியது. வெளிநாட்டுச் சரக்கின் விலையைக் கேட்டதும் அண்ணன் முகம் சுருங்கியது. நடுத்தர விலையில் இருந்த அலுமினிய ஸ்டாண்டை எடுத்துக்கொண்டேன். கடைக்குப் பின்னால் படுத்துச் சுட்டுப் பார்த்தேன். ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்தன.

"பாத்தியா பாப்பா! இனி மாநிலப் போட்டிக்குப் போயிரலாம்ல?"

எட்டு மாதமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாதவன் இன்று பார்த்தான்.

"போயிரலாம்ண்ணே" என்றேன்.

நான் சுடுவது நின்று சுடும் போட்டி. அதில் ஸ்டாண்டு வைக்க விடமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ரயில் ஏறினேன். "நான் வாங்கித் தர்றேன்" என்று அவன் வந்து நின்றபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் ஊர் போடி வரும்வரை ஸ்டாண்டுப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான். சாப்பிடும்போது, "எந்தத் தேதின்னு சொல்லு பாப்பா. அன்னிக்கு ஏலக்கா லோடு ஒண்ணும் ஏத்தமாட்டேன், நானும் கூட வர்றேன்" என்றான்.

எந்தத் தேதியைச் சொல்வேன்?

அடுத்த அறையில் குறட்டை கேட்கிறது. விபத்துக்குப் பிறகு இன்றுதான் அவன் தூங்குகிறான்.