குப்பைத்தொட்டிப் பக்கம் நின்ற மோட்டார்

ஜூலை 30, செவ்வாய்

பள்ளிக்கூட வாசலில் லோஷினி என் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. "அப்பா, ஊதுங்க" என்றாள். போலீஸ்காரன் ரோட்டில் நிறுத்திக் கேட்பதுபோல! பத்து வயதுப் பிள்ளை. ஊதினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு தோழியின் அம்மா காரில் ஏறிவிட்டாள். அந்தக் காருக்குப் பின்னாலேயே வீடுவரை வந்தேன்.

மனைவி உமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியாவது இருப்பேன்.

ஜூலை 31

போனில் தேடினேன், குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டம். பினாங்கில் இருக்கிறது, கோலாலம்பூரில் இருக்கிறது. ஏன், எங்கள் கெடா மாநிலத்தில் குடிகாரனே இல்லையா? கடைசியில் ஒரு நம்பர் கிடைத்தது. எடுத்தவர் பெயர் பிரேமாவதி. "சுங்கை பட்டாணியில இருக்கு தம்பி, சர்ச் மாடியில. இடம் மட்டுந்தான் அவங்களது. சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." கிழமையும் சொன்னார். பதற்றத்தில் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

போனேன். யார் கண்ணிலும் படாமல் மோட்டாரைச் சர்ச்சுக்குப் பின்னால் குப்பைத்தொட்டி ஓரம் ஒளித்துவிட்டு மாடி ஏறினேன். நிறையப் பேர். எல்லாம் நம்மவர்கள், எல்லாம் சிரித்த முகம். இத்தனை பேரா குடித்தார்கள்? ஓர் அம்மா பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பாடினால்தான் குடி போகும்போல என்று நானும் பாடினேன். குரல் நன்றாக இருக்கிறதாம்.

இரண்டாவது பாட்டில்தான் புரிந்தது, அது ஞாயிறு ஆராதனைக்கான பாட்டுப் பயிற்சி. பாதியில் எழுந்தால் மரியாதையில்லை என்று கடைசிவரை பாடித் தொலைத்தேன். எங்கள் தொழிற்சாலை வசந்தனும் அங்கே இருந்தான். சந்தோஷமாகக் கைகாட்டினான்.

கூட்டம் செவ்வாய்க்கிழமையாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஏழெட்டு நாற்காலி, ஆளுக்கொரு கோப்பை சூடான மைலோ. பிரேமாவதி அக்கா ஆசிரியையாக இருந்தவராம். குடித்துவிட்டு வகுப்பில் நின்றதைக் குரல் நடுங்காமல் சொன்னார். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்றும் சொல்ல வேண்டும். "நான் காளிதாசன்" வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"வந்ததே போதும் தம்பி" என்றார் அக்கா. ஒரே ஒரு கண்டிப்பு: இங்கே யாரைப் பார்த்தோம் என்று வெளியே மூச்சு விடக்கூடாது.

உமாவிடம் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

உறுமி மேளப் பயிற்சிக்குப் போகவில்லை. மாரியம்மன் கோயிலில் முதல் உறுமி நான்தான். ஆனால் பயிற்சி முடிந்தால் பீர், அது எங்கள் குழுவில் எழுதாத சட்டம். கோயில் தலைவர் பக்கிரிசாமி அண்ணனே தன் கையால் ஊற்றுவார். காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன். விரல் மேசையில் தானாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

குடிக்கவில்லை. இன்றும் பெயர் மட்டும்தான் வந்தது. எனக்கு ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது?

ஆகஸ்ட் 16, வெள்ளி

வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் வேல் ஸ்டிக்கர் ஒட்டிய மோட்டாரில் பக்கிரிசாமி அண்ணன், பின்னால் உறுமிக் குழு. நான் சர்ச்சில் பாடுகிறேன் என்று வசந்தன் சொல்லியிருக்கிறான். பெருமையாகத்தான் சொல்லியிருப்பான், பாவம்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கப்பா செங்கல் சுமந்து கட்டுன கோயில்டா. என்ன கஷ்டம்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் லா. இதுக்குப் போயி மதம் மாறுவாங்களா?"

கதவோரம் உமா. அவள் முகத்திலும் அதே கேள்வி.

அண்ணன் பையிலிருந்து பீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு கிளாஸ் போடு, மனசு லேசாயிரும். நீ நம்மகிட்டயே திரும்பி வந்தா போதும்டா."

பாட்டில் குளிர்ச்சியில் வியர்த்திருந்தது. ஆசையாக இருந்தது, அதை ஏன் மறைக்க? ஆமாம், மாறிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. குடிகாரன் என்பதைவிட அது எவ்வளவோ கௌரவம். உள்ளறையில் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்த லோஷினியின் குரல் நின்றிருந்தது.

"அண்ணே, நான் மதம் மாறல. நான் குடிகாரன். அங்க குடிய விடறவங்க கூட்டம் நடக்குது. அதுக்குத்தான் போறேன்."

கூட்டத்தில் வராத வார்த்தை பாட்டிலுக்கு முன்னால் வந்துவிட்டது. உமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழுவில் ஒருவன் சிரித்தான். "நீயே குடிகாரன்னா அப்ப நாங்கள்லாம் யாருண்ணே?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்ட அவருக்கு நேரம் பிடித்தது. மற்றவர்கள் போன பிறகு மெல்லக் கேட்டார்: "அது என்ன கிழமைடா?"

"செவ்வாய்ண்ணே. வியாழக்கிழமை மட்டும் போயிராதீங்க, பாட வச்சிருவாங்க."

ஆகஸ்ட் 19, திங்கள்

"ஊதுங்க."

ஊதினேன். ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? மோட்டாரைச் சர்ச் வாசலிலேயே நிறுத்தினேன். வழியில் வாங்கிக் குடித்த மைலோவின் காலிப் பிளாஸ்டிக் பையைப் போடப் பின்பக்கம் போனால், குப்பைத்தொட்டி ஓரம், என் பழைய இடத்தில், வேல் ஸ்டிக்கர் ஒட்டிய மோட்டார் ஒன்று நிற்கிறது. எஞ்சின் இன்னும் சூடு.

யாருடையது என்று இங்கே எழுதமாட்டேன். கூட்டத்தின் கண்டிப்பு அது.

மேலே போய் என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டேன்.