மகாராணியின் மதியச் சாப்பாடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே என் தலைவலியின் பெயர் மகாராணி. ஆராய்ச்சிக்கென்று என் தலையில் கட்டிய குதிரை. எவ்வளவு தின்கிறது என்று எடைபோட வேண்டுமே, அதனால் மற்ற குதிரைகளிடமிருந்து பிரித்துத் தனிக் கொட்டடியில் விட்டோம். அன்றிலிருந்து தீவனத்தில் பாதியைத் தொடுவதில்லை. தீவனத்தை மாற்றினேன். மருத்துவரைக் கூப்பிட்டுப் பல்லைப் பார்க்கச் சொன்னேன். பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

போன வாரம் வெறுத்துப்போய்க் கொட்டடி வாசலிலேயே உட்கார்ந்து என் டிபன் டப்பாவைத் திறந்தேன். மகாராணி தொட்டியை வழித்துத் தின்றுவிட்டாள்! அம்மணிக்குத் தனியாக இருந்தால் தொண்டையில் இறங்காதாம்.

"அப்ப இனிமே நீயும் அங்கயே சாப்பிடும்மா" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். இதற்கா இத்தனை வருடம் படித்தேன்?

இறுக்கமாக மூடும் டப்பா ஒன்று அனுப்பு. இந்தத் திருடி மூக்காலேயே மூடியைத் தள்ளிவிடுகிறாள். பேச்சுத் துணைக்கு உன் குரலையும் கொஞ்சம் பதிவு செய்து அனுப்பு, குதிரைக்குத்தான்.

நேரமாகிவிட்டது, தொட்டியை உதைக்கிறாள். "தனியாவா உக்காந்து சாப்பிடுறே?" என்று போனில் கேட்பாயே, இனி தாராளமாகக் கேள். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை.

உன் மகள்