தாமாரின் மகள், தவமணியின் மகள்

என்ர தங்கமான அம்மாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் முதலில் "சாப்பிட்டியோ?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். சாப்பிட்டேன். எனக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது அம்மா. ஆனால் பத்து நாளாக அழைப்பிதழால் சண்டை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமா ஓயாமல் போன். "பிள்ளை, கொப்பர் விட்டிட்டுப் போனவர்தான். எண்டாலும் அவற்ற பேர் இல்லாமக் கார்ட் அடிச்சா சனம் என்ன கதைக்கும்?" என் பெயருக்கு முன்னால் நிற்கிற ஓரெழுத்தைத் தவிர அப்பா என்ற அந்த மனிதர் எனக்கு என்ன தந்தார்?

போன கிழமை, என்னோடு வேலை செய்யும் ஜார்ஜியாப் பெண் நினோ கழுத்தில் ஒரு வெள்ளி நாணயம் மாட்டி வந்தாள். அவர்களுடைய பழைய ராணி ஒருத்தி அடித்த காசின் நகல். ஒரு பக்கம் இயேசு. அருகே ராணியின் பெயர் ஜார்ஜிய எழுத்தில், மூன்றெழுத்துச் சுருக்கமாக. மறுபக்கம் முழுக்க அரபு. அயல்நாட்டு வியாபாரிகளுக்கும் விளங்க வேண்டுமே!

"இது எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள். ஷார்ஜாவில் அரபு படித்த உங்கள் மகள் விடுவாளா? எழுத்துக்கூட்டி வாசித்தேன். ராணிகளின் ராணி, "ருசூதான் பின்த் தாமார்". தாமாரின் மகள் ருசூதான்.

"தாமார் பெரிய ராஜாவோ?" என்று கேட்டேன்.

நினோ விழுந்து விழுந்து சிரித்தாள். "ராஜா இல்லையடி, அவளுடைய அம்மா! அவளும் ராணிதான்."

வெட்கமாகப் போய்விட்டது அம்மா. உங்கள் வயிற்றில் பிறந்துவிட்டு, அது தகப்பன் பெயராகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துவிட்டேனே! ஷார்ஜாவில், முவைலாவில் என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, தகப்பன் பெயர் கேட்ட கிளார்க்கிடம் "பாபா மாஃபி" என்றீர்கள். அப்பா இல்லை, அவ்வளவுதான். நீங்கள் தலை குனியவேயில்லை. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அந்தக் காசை வாசித்த அன்றே மாமாவிடம் சொல்லிவிட்டேன். "ஒரு நாட்டின்ர ராணி காசிலயே அம்மாவின்ர பேரை அடிச்சிருக்கிறா. எனக்கு ஒரு கார்ட்டில அடிக்கேலாதோ?"

 மாமா சொன்னார்: "அக்காவின்ர பேரில எழுத்துப்பிழை விடாம அடிக்கச் சொல்லு."

கார்ட் வந்துவிட்டது. 'அமரர் தவமணியின் புதல்வி' என்று பொன்னெழுத்தில் மின்னுகிறது. இத்தோடு விடமாட்டேன் அம்மா. எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினாலும் சரி, பாஸ்போர்ட்டிலும் அந்த ஓரெழுத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவேன். இது சத்தியம்.

உங்கள் மகள்,
த. பவித்ரா