நூற்று நாற்பது எழுத்துக்குள் ஓர் அண்ணன்

நேற்று தெற்கு லண்டனில், மிட்சம் சந்தி நிறுத்தத்தில் டிராம் ஏறியபோது பக்கத்து இருக்கையில் ஒரு சீனப் பெண் வந்து உட்கார்ந்தாள். மாணவியாக இருக்க வேண்டும். பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உப்பும் புளிப்பும் கலந்த வாசனை எழுந்தது. உலர்ந்த பிளம் பழம். உன் மேசை லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் வந்த அதே வாசனை. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியில் சீன எழுத்துகளைப் பெருவிரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அது என்ன என்று தெரிந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போது நினைத்தேன். கண் கலங்கவெல்லாம் இல்லை. இறங்க வேண்டிய இடத்தில் சரியாகவே இறங்கினேன்.

நாம் சந்தித்தது தோர்ண்டன் ஹீத்தில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில். வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாசித்து, இங்குள்ள நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதிக் கொடுப்பது வேலை. நான் தமிழும் சிங்களமும் வாசித்தேன். நீ சீனம் வாசித்தாய். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி சீனப் பத்திரிகையை விரித்து வைத்து, பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு முதல் நாளே விசாரித்தேன்.

"ஸ்கொலர்ஷிப் கிடைச்சது, போனன். எஞ்சினியரிங் தொடங்க முதல் ஒரு வருஷம் பாஷை படிக்கவேணும் எண்டாங்கள். இப்ப எஞ்சினியரிங் மறந்துபோச்சு. பாஷை மட்டும் மிஞ்சிக் கிடக்கு" என்றாய்.

பிறகு கலியாணமாகி லண்டன் வந்து, கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்தாய். உன் கணவரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார். நீ சீனாவில் இருந்த காலத்தைப் பற்றி அவரிடம் அதிகம் கதைத்ததில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சீனத்துக் குறும்பதிவுத் தளங்களை நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நினைவில்லை. அமெரிக்காவில் தொடங்கிய ஒன்றைப் பார்த்துச் சீனாவில் சில இளைஞர்கள் தங்கள் மொழியில் செய்த சின்னத் தளங்கள் அவை. பெரிய பணமோ விளம்பரமோ இல்லை. கைத்தொலைபேசியிலிருந்து குறுஞ்செய்தியாகவே அனுப்பலாம். பஸ் பிந்திவிட்டது, மாமியார் வந்திருக்கிறா, இன்றைக்குச் சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்றெல்லாம் எழுதினார்கள். நீ அதை ஒரு சுருக்கத்தில் சேர்த்தபோது நமது மனேஜர், அந்த வெள்ளைக்காரர், பொறுமையாகச் சொன்னார், இது அரட்டை, செய்தி அல்ல, வாடிக்கையாளர்களுக்குத் தேவைப்படாது என்று. அவர் போனபின் நீ என் பக்கம் திரும்பினாய்.

"பேப்பரில அமைச்சர் இருக்கிறார், தொழிற்சாலை இருக்கு, சனம் இல்லையடி. இஞ்சதான் சனம் இருக்கு."

ஒரு பதிவுக்கு நூற்று நாற்பது எழுத்துதான் என்று சொன்னாய். அதற்குள் என்ன எழுத ஏலும் என்று நான் சிரித்தேன். உடனே ஒரு போட்டி வைத்தாய். அன்று காலை நடந்ததை நான் தமிழில் எழுத வேண்டும், நீ சீனத்தில். குறோய்டன் பஸ்ஸைத் தவறவிட்டதையும் குடையை மறந்ததையும் எழுதுவதற்குள் எனக்கு எழுத்து முடிந்துவிட்டது. நீ எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தினாய். அதில் உன் கணவரோடு தேநீருக்காகப் பட்ட சண்டை, வாசலில் நின்ற நரி, இரயிலில் அழுத பிள்ளை, பிள்ளைக்கு யாரோ கொடுத்த வாழைப்பழம் எல்லாம் இருந்தன. இன்னும் கொஞ்சம் இடமும் மிச்சம் இருந்தது. ஓர் எழுத்தே ஏறக்குறைய ஒரு சொல் என்பதால் அங்கே அது சின்ன வாக்கியம் அல்ல, ஒரு முழுக் கடிதம் என்று அன்றைக்கு விளங்கியது.

அப்படிக் கடிதம் எழுதிய ஒருவரை நீ தினமும் வாசித்தாய். தூரப் பயண லொறிச் சாரதி. மரக்கறி ஏற்றிக்கொண்டு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறவர். தளத்தில் தனக்கு 'மழையில் நனைந்த வெங்காயம்' என்று பெயர் வைத்திருந்தார். எந்த ஊரில் மூடுபனி, எந்தச் சாப்பாட்டுக் கடைக்காரி கூடுதலாகக் குழம்பு ஊற்றினாள், எந்தப் பாலத்தில் பொலிஸ் மறித்தது என்று எழுதுவார். காலையில் வந்ததும் மேல்கோட்டைக் கழற்றிக் கொழுவ முதல் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பாய். "வெங்காயம் மலை ஏறிட்டுது" என்பாய். மனேஜர்கூடச் சில நாட்களில் வெங்காயத்தைப் பற்றி விசாரித்தார்.

அது இலங்கையில் போர் முடிந்த ஆண்டு. என் மேசையில் வந்து விழுந்த பத்திரிகைகளை நான் வாசித்தேன், சுருக்கம் எழுதினேன். பெயரடைகள் வேண்டாம் என்பது அலுவலக விதி. அந்த விதி இருந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. வேலை முடிந்ததும் இருவரும் இரயில் பிடித்துப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய், போரை நிறுத்தக் கேட்ட சனத்தோடு நின்றோம். உன் அண்ணன் வன்னியில் இருந்தார். மே மாதத்தில் ஒரு நாள் உனக்கு எடுத்துப் பேசினார். அதன்பிறகு எந்தத் தொடர்பும் இல்லை. யார் யாருக்கோ எடுத்தாய், முகாம்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு விசாரித்தாய். அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. மாலையில் வழக்கம்போல வெங்காயத்தை வாசித்தாய்.

அந்தக் கோடையில் சீனாவின் மேற்குப் பகுதியில் கலவரம் நடந்தது. சனம் அதைப் பற்றி எழுதத் தொடங்க, சில நாட்களில் அரசு அந்தச் சின்னத் தளங்களை ஒவ்வொன்றாக நிறுத்தியது. ஒரு காலையில் நீ திறந்தபோது திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. பராமரிப்பு வேலை நடக்கிறது, மன்னிக்கவும்.

"என்ன பராமரிப்பு இது? சனத்தைத் துடைச்செடுக்கிற பராமரிப்போ?"

ஒரு வாரம் பார்த்தாய், ஒரு மாதம் பார்த்தாய். வரி மாறவில்லை. லொறிக்காரரின் உண்மைப் பெயர் உனக்குத் தெரியாது, ஊரும் தெரியாது. "எங்க தேடுறது? வெங்காயம் எண்டு கூப்பிட்டால் ஆர் திரும்பிப் பாப்பினம்?" என்றாய். பகிடியாகத்தான் சொன்னாய். ஆனால் அன்று பின்னேரம் முழுவதும் உன் திரையில் அந்த ஒற்றை வரி திறந்தபடியே இருந்தது. நான் என் வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு பெரிய நிறுவனம் தன் தளத்தைத் திறந்தது. இம்முறை நடிகர்களையும் பாடகிகளையும் அழைத்து வந்து, அவர்களின் பெயருக்குப் பக்கத்தில், உண்மையான ஆள்தான் என்று காட்ட ஓர் அடையாளம் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் சனம் வெள்ளம்போல வந்தது. மனேஜருக்கு இப்போது அது செய்தி. தினமும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நீ எனக்கு அந்த உலகத்தின் சொற்களைச் சொல்லித் தந்தாய். ரசிகர் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லுக்கு ஒருவகை மெல்லிய நூடில்ஸ் என்றும் பொருள். "எங்கட இடியப்பம் மாதிரி வையன். அந்த நடிகைக்கு லட்சக்கணக்கில இடியப்பம்." குறும்பதிவு என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் கழுத்தில் சுற்றும் மஃப்ளர் என்று வருமாம். அதனால் பதிவு எழுதுவதை மஃப்ளர் பின்னுவது என்றார்கள். அழிக்கப்பட்ட பதிவை ஆற்று நண்டு தின்றுவிட்டது என்றார்கள். நாட்டின் நல்லிணக்கம் என்று அதிகாரிகள் சொல்லும் சொல்லும் ஆற்று நண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்று விளக்கினாய். நாம் இருவரும் நன்றாகச் சிரித்தோம். அந்த ஆண்டில் நீ அப்படிச் சிரித்ததை நான் வேறு எப்போதும் காணவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்தாய். அந்தப் புதிய தளத்தில் யாரோ ஒருவர் மலைப்பாதையில் மூடுபனி பற்றி எழுதியிருந்தார், கடைக்காரி கூடுதலாகக் குழம்பு ஊற்றியதையும். பெயர் வேறு.

"இது அவர்தான். எழுத்தைப் பார், அதே மாதிரிச் சாப்பாட்டில கொண்டுபோய் முடிக்கிறார்."

வாசிக்கலாம், எழுதக்கூடாது என்பது அலுவலக விதி. நீ எழுதினாய். நீங்கள் மழையில் நனைந்தவரா என்று மட்டும் கேட்டாய். மத்தியானத்துக்குப் பிறகு பதில் வந்தது. மழை விட்டுவிட்டது, வெங்காயம் முளைத்துவிட்டது, நீங்கள் யார்?

அந்தக் கேள்விக்குத்தான் நீ உன் அண்ணனைப் பற்றி எழுதினாய். எழுதி முடித்து எனக்குத் தமிழில் வாசித்தாய். நான் கேட்டபடி எழுதுகிறேன், சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம். நான் தூரத்துத் தீவில் பிறந்தவள், இன்னொரு தூரத்துத் தீவில் இருக்கிறேன். போன வருடம் யுத்தத்துக்குள் இருந்து அண்ணன் பேசினான். பின்னால் வெடிச்சத்தம். சாப்பிட்டாயா என்று கேட்டான். ஓம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை. இடது புருவத்தில் தழும்பு உள்ளவன். உங்கள் நாட்டில் அவனை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

தமிழில் இதை நீ ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கும் சாப்பாட்டுக் கதையைச் சொல்லியிருக்கவில்லை. ஏன் அங்கே போய் எழுதினாய் என்று கேட்டேன்.

"இஞ்ச சொன்னால் எல்லாருக்கும் தங்கட தங்கட ஆள் இருக்கு. நான் என்ர கதையைச் சொல்ல அவை தங்கட கதையைச் சொல்லுவினம். பிறகு நான்தான் அவைக்கு ஆறுதல் சொல்லவேணும். அங்க அப்பிடி இல்லை."

லொறிக்காரர் அதை மற்றவர்களுக்கு அனுப்பினார். அவர்கள் இன்னும் பலருக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் நீ திரையைத் திறந்தபோது கீழே நூற்றுக்கணக்கான பதில்கள். பெரும்பாலானவற்றில் ஒரே கேள்விதான் இருந்தது. தங்கச்சி, சாப்பிட்டாயா? ஒருவரை ஒருவர் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்பது அவர்களுடைய வழக்கமுமாம். நீ ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாய். ஓம், சாப்பிட்டேன், பாணும் பருப்பும். ஓம், சாப்பிட்டேன், சோறு.

மனேஜர் கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்கவில்லை. அந்தத் தளத்தில் உன் கணக்கு, அலுவலகத்தின் மின்னஞ்சலில் திறந்தது. அவர் கோபக்காரர் அல்ல. உன்னை உட்காரவைத்து, நாம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள், அந்தப் பக்கம் போனால் வாடிக்கையாளர்கள் நம்பமாட்டார்கள், கணக்கை மூடிவிடு, நடந்ததை நான் மறந்துவிடுகிறேன் என்றார். நீ யோசிக்க ஒரு நாள் கேட்டாய். மறுநாள் கணக்கை உன் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டு வந்து, வேலையை விடுவதாகச் சொன்னாய். அவர் சொன்னது பிழை என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டில் பெரிய சண்டை. அண்ணை எனக்கு எடுத்துக் கத்தினார். "ஆரோ சைனாக்காரன்ர வெப்சைட்டுக்காக ஆரும் வேலையை விடுவினமோ? நீயாவது சொல்லக்கூடாதோ, பிள்ளை?" நான் சொல்லவில்லை. நீ கவுன்சிலிலும் ஆஸ்பத்திரிகளிலும் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாய். சீனக் கிழவிகளுக்கு வைத்தியர் சொல்வதைச் சொல்வது. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தது.

அந்தத் தளம் பிறகு பெரிதாகி மாறிப்போனது. உண்மைப் பெயரைப் பதியச் சொன்னார்கள், காசுக்கு எழுதுபவர்கள் வந்தார்கள், பலர் வேறு இடங்களுக்குப் போனார்கள். நீ போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கும்போது செய்தி சொல்வாய். வெங்காயத்தின் மகள் பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள், வெங்காயத்துக்கு முதுகுவலி, வெங்காயம் லொறியை விற்றுவிட்டது. அவரை நீ ஒருமுறைகூட நேரில் காணவில்லை. உன் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அங்கிருந்து வரும் என்று நீ எதிர்பார்க்கவும் இல்லை.

கடந்த குளிர்காலத்தில் உனக்கு நோய் வந்தது, விரைவாக முடிந்தது. சடங்குகள் எல்லாம் ஆனபின் அண்ணை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். வங்கி, மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றையும் மூடிவிட்டார். இந்தச் சீனக் கணக்கு ஒன்றுதான் மிச்சம். அலுவலகத்தில் இப்போது சீனம் வாசிக்கும் பெண்ணை என்னோடு அழைத்துப் போனேன். அவள் உன் தொலைபேசியில் அதைத் திறந்து வாசித்தாள். உன் கடைசிப் பதிவின் கீழே ஆட்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். நீ இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. அக்கா எங்கே, ஏன் எழுதவில்லை, லண்டனில் குளிரா, சாப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தார்கள். பழைய பதிவுகளையும் அண்ணைக்கு வாசித்துச் சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். தேநீருக்குச் சண்டை பிடித்ததுவரைக்கும் அவர் அதில் இருந்தார்.

"இவ்வளவு சனத்தோட கதைச்சிருக்கிறாள். நான் போனை நோண்டுறாள் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு, "மூடவேண்டாம். அவைக்கு ஒரு வரி எழுதச் சொல்லு, பிள்ளை. கேட்டுக்கொண்டிருக்கினம், பாவம்" என்றார்.

அந்தப் பெண் எழுதினாள். இங்கே எழுதிய அக்கா குளிர்காலத்தில் காலமாகிவிட்டார், கடைசிவரை ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று. இரண்டாவது பாதி அண்ணை சொல்லச் சொன்னது. வெங்காயத்திடமிருந்து முதலில் வந்த பதிலில் சொல் எதுவும் இல்லை, ஒரு மெழுகுதிரிப் படம் மட்டும் இருந்தது.

உன்னிடமிருந்து எனக்கு வந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கலியாண மண்டபத்தில் உனக்குத் தூரத்து உறவான ஒரு மாமி, "தமையனும் இல்லைத்தானே, பாவம்" என்று உன் தலையைத் தடவினா. நீ அவவின் கையை மெல்ல எடுத்துவிட்டாய். "இல்லை எண்டு சொல்லாதேங்கோ, மாமி. தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்றாய். குரல் உயரவில்லை. மாமி சரி பிள்ளை என்று போய்விட்டா. நீ சாப்பாட்டைத் தொடர்ந்தாய். சுருக்கம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் தெரிந்திருக்க வேண்டும். உன்னிடம்தான் சரியாகக் கேட்டேன்.

இப்போதும் சிலர் கடையில் கண்டு விசாரிக்கிறார்கள். உன் அண்ணனைப் பற்றிக் கேட்டால், தெரியாது என்கிறேன். உன்னைப் பற்றிக் கேட்டால், அவ இல்லை என்கிறேன். இதுவரை ஒன்றுக்கு ஒன்றை மாற்றிச் சொன்னதில்லை.