பாதியில் திருப்பிக் கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் சௌகரியம். உன் சௌகரியத்தைக் கேட்க வேண்டிய இந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிடுகிறது. அன்றைக்கு நீ போன் செய்து, உன் ஆராய்ச்சியை ஏற்க முடியாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டதைச் சொன்னபோது, நான் சொல்லாமல் விட்டது இது: கிளம்பி வந்துவிடு. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நீ தோற்றுவிட்டாய் என்று நானே முடிவு கட்டியதுபோல் ஆகிவிடுமோ என்று விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். "ம்" என்றாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. போன் அணைந்திருக்கிறது, மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. உன் அறைத்தோழியைக் கூப்பிட்டால், "ஒரு பெட்டியும் அந்தக் கம்ப்யூட்டரும் மட்டும் எடுத்துட்டுப் போனா ஆன்ட்டி, எங்கன்னு சொல்லல" என்று அவளும் அழுகிறாள். விலாசம் இல்லாத மகளுக்கு எந்தத் தபாலில் எழுதுவது? அதனால்தான் எண் தேடும் உன் இணையக் கூட்டத்தின் வழியாக, அதன் செய்திப்பெட்டியில் இதைப் போடுகிறேன். நீ எனக்குச் சாத்தாமல் விட்ட கதவு இது ஒன்றுதான்.

ஆமாம், நானும் சேர்ந்துவிட்டேன். முகம் தெரியாத இத்தனை பேர் தங்கள் கணினிகளை ஓடவிட்டு, யாரும் இதுவரை காணாத பெரிய பகா எண்ணைத் தேடுகிறார்கள் என்று நீ முன்பு சொன்னபோது, எதற்கடி இது என்று சிரித்தேன். நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்தில் அப்படி ஓர் எண்ணை அச்சடித்தால் அது ஒன்றே பல புத்தகங்கள் ஆகும். இப்போது என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பழைய கணினி ஒன்று ஓயாமல் இரைந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறது. லிப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து வருகிற அப்பா, கிரீஸ் கையோடு வாசலில் நின்று, "மக எண்ணைத் தேடுறா, நீ மகளைத் தேடுற, கரண்ட் பில் மட்டும் தப்பாம என்னைத் தேடி வருது" என்றார். சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. நான் கதவைத் தட்டவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதல் சில வாரங்கள் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். கூட்டத்தின் பக்கத்தில் ஒற்றைச்செருப்பு என்று நீ வைத்துக்கொண்ட பெயருக்கு எதிரே, ஓர் எண் முடிந்ததும் "பகா எண் இல்லை" என்று வரும், அடுத்த எண் ஏறும். நான் அதை "அம்மா, இருக்கேன்" என்றுதான் படித்தேன். அச்சகத்தில் வேலைக்கு நடுவே போனில் அதைத் திறந்து திறந்து பார்ப்பேன். எப்போதும் மெஷின் சூடாகிறது என்று கூட்டத்தில் புலம்புகிற, ஓட்டைவிசிறி என்று பெயர் வைத்துக்கொண்டவர் உனக்குப் பழக்கம்தானே, தமிழில் பேசுகிறவர், அவரிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, அதை மெஷினே செஞ்சுக்கும். கரண்டும் இன்டர்நெட்டும் இருந்தா போதும், முடிவை அனுப்பிட்டு அதுவா அடுத்ததை எடுத்துக்கும், பக்கத்துல ஆள் இருக்கணும்னு இல்ல" என்றார். பாப்பா, அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கப் போய், போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். நீ இல்லாத அறையிலும் அது ஓடும். நீ யாருக்காவது கொடுத்துவிட்டாலும் உன் பெயரிலேயே ஓடும். அதற்கு மேல் நினைக்க என்னால் முடியவில்லை. அச்சகத்தில் ஒரு முழுப் பக்கத்தைத் தலைகீழாகப் போக விட்டுவிட்டேன், முதலாளி என்னைத் திட்டக்கூட இல்லை, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இன்னொன்றும் அவரையே துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சோதனை பாதியில் இருக்கும் எண்ணைக் கூட்டத்திடம் திருப்பிக் கொடுப்பதை மட்டும் மெஷின் தானாகச் செய்யாதாம். "அதுக்கு அவளே பாஸ்வேர்ட் போட்டு உள்ள வந்து அழுத்தணும் அக்கா. அவ செய்ய மாட்டா, எடுத்ததை விடற ஜாதியே இல்ல அவ" என்றார். பிடிக்காத நாவலைக்கூடக் கடைசிப் பக்கம்வரை முறைத்துக்கொண்டே படிக்கிறவள் நீ என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்கிறேன். பேச வேண்டாம், எங்கே இருக்கிறாய் என்று சொல்லவும் வேண்டாம், எதற்கும் விளக்கம் வேண்டாம். இப்போது உன்னிடம் ஓடுகிற எண்ணைப் பாதியில் திருப்பிக் கொடு. அதில் இதுவரை போட்ட கணக்கு வீணாகும்தான், ஆகட்டும். பாதியில் விட்டுவிட்டு வருவதற்கு இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இன்றைக்குச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வளர்ந்தோம். நீ இல்லாமல் வயதாக எனக்குத் தெரியாது.

வேளைக்கு ஏதாவது வயிற்றுக்குப் போடு. குளிருக்குக் காதை மூடிக்கொள், உனக்குச் சட்டென்று சளி பிடிக்கும். உன் அறையில் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டேன், கட்டிலில் புதுவிரிப்பு போட்டிருக்கிறது. எங்கே இருந்தாலும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பதை மறந்துவிடாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா

(என்னிடம் உள்ள நகலில் பிறகு எழுதியது: பதில் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் பார்த்தபோது, ஒற்றைச்செருப்பிடம் இருந்த எண் பாதியில் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது.)