கண்ணாடிப் பக்கம் திருப்பிய பம்ப்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். என் அக்கா வீட்டிலிருந்து திரும்ப நான்கு நாள் ஆகும். அதற்குள் கண்ணாடித் தொட்டியில் நீங்கள் வளர்க்கும் உயிர்ப்பவளம் செத்துவிடக் கூடாதே என்று ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

"என்னைக் கண்டாலே சுருங்கிடுதுக்கா, அவகிட்ட மட்டும் விரியுதாம்" என்று எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் நீங்கள் புலம்பியது என் காதுக்கு வந்தது. உங்கள் முகத்தில் ஒரு குறையும் இல்லை, கோபம் வராதபோது. நீங்கள் வைத்த பம்ப்தான் நேராக அதன் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சுகிறது. யாராக இருந்தாலும் சுருண்டுதான் போவார்கள்.

"என் தொட்டியில கை வைக்காதே" என்று கத்தினீர்களே, அன்றிலிருந்து நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் பம்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுவேன். தண்ணீர் அதில் மோதி மெல்லச் சுழன்று வரும், பவளம் விரியும். நீங்கள் வருமுன் பழையபடி வைத்துவிடுவேன்.

இன்று பழையபடி வைக்கவில்லை. போய்ப் பாருங்கள், உங்களுக்கும் விரிந்திருக்கும். பம்பைத் தொடாதீர்கள்.

பி.கு.: வீறாப்பில் தொட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். மாற்றுச் சாவி தையல்கார அக்காவிடம் இருக்கிறது, தினம் வந்து பார்ப்பார்.

இன்னொன்று: அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில், வெட்டிக்கொண்டிருந்த உங்கள் புதுப் பேன்ட்டில் ஒரு கால் குட்டையாகிவிட்டது.